நான்கு கருவி உள்ள மடக்குக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் இருக்கிறீர்கள். பையன் ஸ்கவுட்டில் சேர்ந்திருக்கிறான், அவனோடு முகாமுக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும். பழைய பாணியில், மரமோ எலும்போ பிடி போட்டதாக இருந்தால் நல்லது. பிளையரை விரித்துப் பிடிக்கிற மல்டிடூல் வேண்டாம். ஒற்றைக் கையால் சட்டென்று திறக்கிற நவீனக் கத்தியும் வேண்டாம். ஆனால் வெறும் கத்தியாகவும் இருக்கக் கூடாது. டின் திறக்க, ஸ்க்ரூ முடுக்க, பெல்ட்டில் ஓட்டை போட உதவ வேண்டும். புதிதாக வாங்குவதா, பழையதைத் தேடுவதா, எந்தக் கம்பெனி என்று முடித்திருக்கிறீர்கள். கம்பெனிப் பெயர் கேட்டிருந்தாலும், சின்னக் கருவிகள் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்காமல் நிஜமாகவே வேலை செய்கிற கத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் டூல் ரூமில் வேலை பார்த்தவன்; இரும்பைப் பதப்படுத்துவதும் அரைப்பதும்தான் பிழைப்பு. பழைய மடக்குக் கத்திகளைப் பிரித்து, துடைத்து, கூர் போட்டு வைப்பது பல வருடப் பழக்கம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. எத்தனை கருவி வேண்டும் என்று யாராவது கேட்டால் நான்கு என்பேன். ஒரு நல்ல அலகு, அதாவது வெட்டுகிற பாகம், ஒரு டின் ஓப்பனர், பாட்டில் மூடி நெம்புகிற ஓப்பனரின் நுனியிலேயே ஒரு தட்டையான திருப்புளி, ஒரு குத்தூசி. இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. சுவிட்சர்லாந்து ராணுவம் 1891-இல் தன் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தபோது அதில் இருந்தவை ஏறக்குறைய இவைதான். அப்போது வந்திருந்த புது ரைஃபிளைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி வேண்டும், டின்னில் அடைத்த சாப்பாட்டைத் திறக்க ஓப்பனர் வேண்டும், தோல் வாரில் ஓட்டை போடக் குத்தூசி வேண்டும். முதல் சரக்கு ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து வந்தது. அதே வருடம் இபாக் ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்சனர் செய்து கொடுக்க ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்த தொழில்தான் இன்றைய விக்டோரினாக்ஸ். கடலுக்கு அந்தப் பக்கம், 1910-இல் அமெரிக்காவில் ஸ்கவுட் இயக்கம் தொடங்கியபோது பையன்களின் கைக்கு வந்த கத்தியும் அதே நான்குக்குத்தான் வந்து சேர்ந்தது. அந்த அமைப்பை ஸ்கவுட் கத்தி என்றும் கேம்ப் கத்தி என்றும் இன்றுவரை அங்கே சொல்கிறார்கள். ஒருவர் ரைஃபிளை நினைத்தார், இன்னொருவர் முகாமை நினைத்தார், ஆனாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். அதனால்தான் இந்த நான்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இதற்கு இயந்திரக் காரணமும் உண்டு. பழைய மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங் ஓடும். அலகின் அடிப்பாகம் சதுரமாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் அந்தத் தட்டையின் மேல் அழுத்தி நிற்பதால்தான் திறந்த அலகு திறந்தபடியும், மூடியது மூடியபடியும் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கின் இரண்டு முனைக்கும் ஆளுக்கு ஒரு கருவி வீதம், இரண்டு ஸ்பிரிங் வைத்தால் நான்கு கருவி. பிடி தடிக்காது, கை நிறையப் பிடிக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு அடுக்காகச் சேர்க்கச் சேர்க்கப் பிடி அகலமாகிக்கொண்டே போகும், வெட்டும்போது கைக்குள் அடங்காது, அலகும் நடுவில் இல்லாமல் ஓரத்துக்குப் போய்விடும். ரம்பமோ கத்தரிக்கோலோ உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் என்றால் ஓர் அடுக்கு கூட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நல்ல கத்தியில் எல்லாப் பாகமும் ஒரே கடினத்தில் இருக்காது, இருக்கவும் கூடாது. விக்டோரினாக்ஸ் கத்திகளில் அலகின் கடினம், அதை அளக்கிற ராக்வெல் C என்கிற அளவுகோலில் சுமார் 56 இருக்கும். கத்தரிக்கோல், ரம்பம் எல்லாம் 53. டின் ஓப்பனர், திருப்புளி, குத்தூசி 52. ஸ்பிரிங் 49. அலகு கடினமாக இருந்தால்தான் கூர் நிற்கும். திருப்புளிக்கு அதே கடினம் கொடுத்தால் முறுக்கும்போது நுனி தெறித்துவிடும். ஸ்பிரிங்குக்குக் கொடுத்தால் வளையாது, ஒடியும். வேலைக்குத் தகுந்த பதம் இது. மலிவுக் கத்திகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். அலகு பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஒரு இறுகிய ஸ்க்ரூவைத் திருப்பியதும் திருப்புளி நுனி முறுக்கிக்கொண்டு போய்விடும். அலகின் நுனியால் ஸ்க்ரூ திருப்பாதீர்கள் என்று பெரியவர்கள் திட்டுவதும் இதனால்தான். அந்த நுனிக்கு வெட்டத் தெரியும், முறுக்குத் தாங்காது.

கருவிகளில் அதிகம் உதவுவது எது என்றால் குத்தூசிதான் என்பேன். அதிகம் குறைத்து மதிப்பிடப்படுவதும் அதுதான். பெல்ட்டில் ஓட்டை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஊசியால் குத்தினால் தோல் விலகிக்கொடுத்து, எடுத்ததும் திரும்ப மூடிக்கொள்ளும். நல்ல குத்தூசிக்கு ஒரு பக்கம் மட்டும் கூரான விளிம்பு இருக்கும். பெல்ட்டை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, நுனியை ஊன்றி, கூர் விளிம்பு முன்னால் போகிற திசையில் மெதுவாக முறுக்கினால், தோல் மெல்லிய சுருளாகச் சீவிக்கொண்டு வெளியே வரும். பாதி ஆழம் போனதும் பெல்ட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்தும் அதே மாதிரி செய்தால் வட்டமான, பிசிறில்லாத ஓட்டை கிடைக்கும். ஸ்க்ரூ போடுவதற்கு முன் மரத்தில் வழித்துளை போடுவது, தார்ப்பாயில் கயிறு கோக்க ஓட்டை போடுவது, இறுகிய முடிச்சை நெகிழ்த்துவது எல்லாம் அதன் வேலைதான். ஒரே ஓர் எச்சரிக்கை. பூட்டு இல்லாததால் நேராகக் குத்தி அழுத்தினால் குத்தூசி மடங்கி விரல் மேல் வரும். முறுக்குங்கள், அழுத்தாதீர்கள். கத்தி வாங்கும்போது குத்தூசியின் விளிம்பை நகத்தில் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தைச் சுரண்டினால் சரி. வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் முள்.

டின் ஓப்பனரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விக்டோரினாக்ஸின் ஓப்பனர் முன்னோக்கி வெட்டிக்கொண்டு போகும், அதன் நுனியில் உள்ள சின்னத் திருப்புளி பல நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களையும் திருப்பிவிடும். பாட்டில் ஓப்பனரின் நுனிதான் பெரிய திருப்புளி, பெயிண்ட் டப்பா மூடியை நெம்பவும் அதுவே. கார்க் திருகி உங்களுக்கு ஒயினுக்காக வேண்டாம் என்றாலும், அதன் சுருளுக்குள் செருகி வைக்கிற மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூடிரைவர் ஒன்று தனியாக விற்கிறது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது ஒன்றே போதும், அந்தக் கத்தியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

சரி, எதை வாங்குவது? புதிதாக வாங்குவதென்றால் என் முதல் தேர்வு விக்டோரினாக்ஸின் பயனியர். 93 மில்லிமீட்டர் நீளம், மேடுபள்ளமாக அச்சடித்த அலுமினியப் பிடி, நான் சொன்ன அதே நான்கு கருவி. சுவிஸ் ராணுவம் 1961 முதல் 2008 வரை கொடுத்துவந்த கத்தியின் உடன்பிறப்பு அது. அதிலேயே ரம்பம் சேர்த்தது ஃபார்மர், கத்தரிக்கோல் சேர்த்தது பயனியர் எக்ஸ். மரப்பிடிதான் வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், அவர்களே வால்நட் மரம் போட்டு ஸ்பார்ட்டன் என்கிற 91 மில்லிமீட்டர் கத்தியைச் செய்கிறார்கள். இரண்டு அலகு, இரண்டு ஓப்பனர், கார்க் திருகி, குத்தூசி இருக்கும். கண்ணுக்கு அழகு அதுதான். ஆனால் அதன் குத்தூசி பிடியின் முதுகில், நடுவில் இருந்து கிளம்பும். பயனியரில் பிடியின் முனையிலிருந்து நேராக வரும். இரண்டையும் கையில் பிடித்து முறுக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முதுகில் உள்ளது பிடிக்கு நல்ல வலு கொடுக்கும், முனையில் உள்ளது கண்ணுக்கு நேராகக் குறி வைக்க வசதி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இது பழக்கத்தைப் பொறுத்த விஷயம், சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கத்திகளில் உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒரு கத்திக்கும் அடுத்த கத்திக்கும் தரத்தில் பெரிய வேறுபாடு இருக்காது என்பதுதான். எந்தக் கடையில் வாங்கினாலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். துருவும் சுலபத்தில் பிடிக்காது. ஆனால் எலும்புப் பிடி போட்ட அந்த அமெரிக்க ஸ்கவுட் கத்திதான் உங்கள் மனதில் இருக்கிறது என்று கேள்வியைப் படிக்கும்போதே தெரிகிறது. நீங்கள் இருக்கும் இடமும் அதற்குத் தோதான இடம். கேஸ் கம்பெனி பிராட்ஃபோர்டிலும், கிரேட் ஈஸ்டர்ன் டைட்டஸ்வில்லிலும் என்று, பழைய முறையில் கத்தி செய்கிற இரண்டு பட்டறைகள் உங்கள் மாநிலத்திலேயே இருக்கின்றன. பழைய சாமான் சந்தைகளிலும், வீட்டைக் காலி செய்து விற்கிற இடங்களிலும் ஸ்கவுட் கத்திகள் கண்ணில் படும். ரெமிங்டன், அல்ஸ்டர், கமிலஸ் என்று முத்திரை இருந்தால் நின்று பாருங்கள். இம்பீரியல் கம்பெனியின் கேம்ப் கிங் கத்திகளும் நிறையக் கிடைக்கும். அவற்றில் பிடி திடமாக இருக்காது, உள்ளே கூடான தகட்டு உறை போர்த்தியிருக்கும். மலிவாகக் கிடைத்தால் பையன் பழக வாங்கலாம், கடின வேலைக்கு அல்ல.

அழகு முக்கியமில்லை, அடி தாங்க வேண்டும் என்றால் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த முழு ஸ்டெயின்லெஸ் கத்தியைத் தேடுங்கள். பிடியில் கட்டம் கட்டமாக வெட்டுக்கோடுகளும், நடுவில் அமெரிக்காவைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் இருக்கும். அதே நான்கு கருவி, ஒரு வளையம். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் வந்த வடிவம். கமிலஸ் செய்தவற்றில் அலகின் அடியில் செய்த வருடத்தையும் அடித்திருப்பார்கள், வாங்குகிறவருக்கு அது பெரிய வசதி. அந்தக் கம்பெனி 2007-இல் மூடப்பட்டுவிட்டது.

பழைய கத்தியை எப்படிச் சோதிப்பது? இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஒவ்வொரு கருவியாகத் திறங்கள். முக்கால்வாசி போனதும் ஸ்பிரிங் இழுத்துக்கொண்டு ‘டக்’ என்று சத்தத்தோடு நிற்க வேண்டும். மூடும்போதும் அப்படியே. சத்தமில்லாமல் சோம்பலாகப் போனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே பழைய எண்ணெயும் தூசியும் கெட்டியாகியிருக்கலாம். இரண்டாவது என்றால் சரி செய்துவிடலாம். முதலாவது என்றால் கத்தியையே பிரிக்க வேண்டிவரும். அடுத்து, திறந்த அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இழை அளவு அசைவு பழைய கத்தியில் சகஜம். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் வேண்டாம். ரிவெட்டைத் தட்டி இறுக்கலாம் என்று விற்பவர் சொல்வார். தகட்டுப் பிடி என்றால் உண்மைதான், எலும்புப் பிடி என்றால் தட்டுகிற தட்டில் ரிவெட்டைச் சுற்றிக் கீறல் விட வாய்ப்பு அதிகம். பிறகு கத்தியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பிடியின் உள்பக்கம் இருக்கிற பித்தளைத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் உள்ளே துரு ஏறித் தகட்டைத் தள்ளியிருக்கலாம்.

அலகு முழுசாக இருக்கிறதா என்பது அடுத்தது. பல தடவை சாணை பிடித்துத் தேய்ந்த அலகு, அடியில் அகலமாகவும் நடுவில் ஒடுங்கியும் இருக்கும். மூடிய நிலையில் அலகின் நுனி பிடிக்குள் முழுக்க மறைய வேண்டும். வெளியே எட்டிப் பார்த்தால் பையில் கைவிடும்போது குத்தும். பளபளவென்று இருந்தால் ஏமாறாதீர்கள். பளபளப்பாக்குகிற பஃபிங் சக்கரத்தில் பிடித்துத் துருவை அழித்த கத்தியில் முத்திரை எழுத்துகள் மங்கி, ஓரங்களெல்லாம் மழுங்கி, அலகைத் திறக்க நகத்தை வைக்கிற நகக்குழியின் விளிம்பு உருண்டுபோயிருக்கும். சாம்பல் நிறம் படிந்த, தொடாத கத்தி அதைவிட எவ்வளவோ மேல். திருப்புளியின் நுனி முறுக்கேறியிருக்கிறதா, குத்தூசி ஒடிந்து குட்டையாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அலகைப் பார்த்துவிட்டு இவற்றை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பிடியைப் பற்றி ஒன்று. எலும்பு என்று விற்பதெல்லாம் எலும்பு அல்ல. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பிடியின் ஓரத்தைப் பார்த்தால், நிஜ எலும்பில் ஊசி நுனி அளவு நுண்துளைகள் தெரியும், பிளாஸ்டிக்கில் தெரியாது. பிளாஸ்டிக் பிடி மோசமில்லை, விலை மட்டும் எலும்பு விலையாக இருக்கக் கூடாது. கவனமாக இருக்க வேண்டியது செல்லுலாய்டு என்கிற பழைய காலத்துப் பிளாஸ்டிக் பிடியோடுதான். வருடங்கள் போகப் போக அது சிதைந்து அமில ஆவி விடும். மூடி வைத்த கத்தியில், பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பு மட்டும் துருப்பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். நெருப்பும் சட்டென்று பற்றும். அப்படி ஒன்று வந்து சேர்ந்தால் மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் மேலே சொன்னதில் பாதியைச் சோதிக்க முடியாது. ஸ்பிரிங்கின் இழுப்பையும் பக்கவாட்டு ஆட்டத்தையும் எந்தப் படமும் காட்டாது. திருப்பி அனுப்ப வழி இருக்கிற இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

பழைய ஸ்கவுட் கத்திகள் பெரும்பாலும் கார்பன் இரும்பு. சுலபமாகக் கூராகும், நன்றாக வெட்டும், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, அதுவே ஓரளவு துருவைத் தடுக்கும். முகாமில் பழம் நறுக்குவதும் ஈரக் கயிறு அறுப்பதும்தான் முக்கிய வேலை என்றால் ஸ்டெயின்லெஸ்ஸே வசதி. எது நன்றாகக் கூர் நிற்கும் என்று பெரிய சண்டையே நடக்கும். பதம் போட்டவர் கையைப் பொறுத்தது அது என்பதுதான் என் அபிப்பிராயம், இரும்பின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வாங்கியதும் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, கீல் பக்கத்தை மட்டும் நனைத்துத் திறந்து மூடுங்கள். பழுப்பாக வருகிற அழுக்கைப் பல்குத்தியால் வழித்தெடுங்கள். எலும்பையும் மரத்தையும் ஊறவைக்கக் கூடாது, வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு கீலுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். கூர் போடச் சாணைச் சக்கரத்திடம் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு நொடியில் சூடாகிவிடும், விளிம்பு நீலமானால் அங்கே பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு தட்டையான தீட்டுக்கல் போதும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வில், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தீட்டுங்கள். குத்தூசியின் விளிம்பையும் ஒரே பக்கமாக இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

பையனிடம் கொடுப்பதற்கு முன் ஸ்கவுட்டில் டோட்டின் சிப் என்கிற, கத்தியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சியை முடிக்கச் சொல்வார்கள், அது முடியும்வரை கத்தி உங்களிடமே இருக்கட்டும். பள்ளி வளாகத்துக்குள் மறந்தும் கொண்டுபோகக் கூடாது; இந்த விஷயத்தில் யாரும் இரக்கம் காட்ட மாட்டார்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். பிரிட்டன் வழியாக ஊருக்குப் போகிறவராக இருந்தால், அங்கே பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது பூட்டில்லாத, வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி மட்டுமே. பயனியர் அதற்குள் வந்துவிடும். அமெரிக்காவுக்குள் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, ஒரே மாநிலத்தில் ஊருக்கு ஊர்கூட மாறும். பக்கத்து மாநிலத்தில் முகாம் என்றால் கிளம்புவதற்கு முன் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், இப்போதைக்கு ஒரு பயனியர் வாங்கி இந்த முகாம் சீசனை அதிலேயே ஓட்டுவேன். எலும்புப் பிடி ஸ்கவுட் கத்தியை அவசரமில்லாமல், கையில் எடுத்து ஆட்டிப் பார்க்க முடிகிற இடத்தில் தேடுவேன். பயனியரின் ‘டக்’ சத்தம் காதில் பழகியிருந்தால், சந்தையில் ஒரு பழைய கத்தியைத் திறக்கும்போதே அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.